குணசீலன் என்ற கல்

திரையில் அந்தப் பெயர் விழுந்தபோது விமலாவின் வாயில், அம்மா மசாலா அடைத்துப் பொரித்த கறிபாப் பாதி மென்றபடி கிடந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் வழியில்லை. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் அவள் பக்கம் திரும்பிக் கை தட்டினார்கள். அவள் மென்றுகொண்டிருப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. முன்னால் ஓர் ஆறு இலக்க எண். அதன் பக்கத்தில், குணசீலன். கீழே பொடி எழுத்தில் சில வரி விளக்கம்.

அது அவள் அப்பாவின் பெயர். பத்து வருஷமாக அவள் ஒரு வார்த்தை பேசாத மனிதரின் பெயர். பெண்ணுக்கு இவ்வளவு படிப்பு போதும் என்று பள்ளிக்கூடத்துக்கே போய் அவள் பெயரை வெட்டச் சொன்னவர். இப்போது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு கல்லுக்கு அவர் பெயர். அந்தக் கல்லைக் கண்டுபிடித்தது இவள்.

மெல்போர்னின் புறநகரான ரோவிலில் சாரணர் மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, வானம் பார்க்கிறவர்களின் சங்கம் ஞாயிறு மதியக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தது. வெளியே ஒருவர் சொசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார். உள்ளே மேடையில் கிரேக் நின்றார். தொழிலில் பல் டாக்டர். ஊர்ப்பட்ட பல்லைப் பிடுங்கிச் சேர்த்ததையெல்லாம் தொலைநோக்கியில் கொட்டியவர். நியூ சவுத் வேல்ஸின் உட்பகுதியில், செம்மறி மேயும் ஒரு காட்டில் அவருடைய தொலைநோக்கி இருந்தது. கிளினிக் கணினியிலிருந்தே அதை அவர் ஓட்டுவார். இரவில் அது எடுக்கும் படங்கள் காலையில் வந்து சேரும்.

விமலா மலேசியாவிலிருந்து புள்ளியியல் மேற்படிப்புக்கு மெல்போர்ன் வந்த புதிதில், அந்தக் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தாள். தொலைபேசி எடுப்பது, நோயாளிக்கு நேரம் கொடுப்பது, பில் போடுவது. வேலை இல்லாத வேளையில் கிரேக் அந்தப் படங்களை அவளிடம் தள்ளுவார். வானத்தின் ஒரே துண்டை அரை மணி இடைவெளியில் எடுத்த மூன்று படங்கள். ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் மாற்றி மாற்றிப் பார்த்தால் நட்சத்திரம் எல்லாம் ஆணி அடித்த மாதிரி நிற்கும். சிறுகோள் மட்டும் தத்தும். பளிச்சென்று இருப்பதை மென்பொருள் பிடித்துவிடும். மங்கலானதைக் கண்தான் பிடிக்க வேண்டும். விமலாவின் கண் பிடித்தது.

2009 குளிர்காலத்தில் ஒருநாள் படத்தின் ஓரத்தில் தூசி மாதிரி ஒன்று தத்தியது. "கிரேக்!" என்று அவள் போட்ட சத்தத்தில் அவர் துளைபோடும் கருவியைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தார். உள்ளே நாற்காலியில் ஒரு மனிதர் வாயைத் திறந்தபடி கிடந்தார். அவரை மறந்துவிட்டு இரண்டு பேரும் பட்டியல்களைத் துழாவினார்கள். அந்த இடத்தில் யாருக்கும் தெரிந்த சிறுகோள் எதுவும் இல்லை.

ஒரு தடவை பார்த்துவிட்டால் போதாது. சில இரவுகளின் அளவைக் கொண்டு போடும் பாதை, தெருவில் ஓடுகிற ஆளின் முதுகை மட்டும் பார்த்துவிட்டு அவன் வீட்டைச் சொல்கிற கதைதான். கொஞ்ச காலத்தில் கல் சூரிய வெளிச்சத்துக்குள் போய் மறைந்துவிடும். ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்து, அது திரும்பி வரும்போது நாம் சொன்ன இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் தொலைந்தது தொலைந்ததுதான். விமலா கணக்குப் போட்டாள். கல் சொன்ன இடத்தில் வந்து நின்றது. அதோடும் விடாமல், வேறொரு நாட்டு ஆய்வகம் பல வருஷத்துக்கு முன்னால் எடுத்த பழைய படங்களைத் தோண்டி, யாரும் கவனிக்காத ஒரு மூலையில் அதே தூசியைக் கண்டெடுத்தாள். பாதை பூட்டுப்போட்டது போல நிலைத்தது. சூரியனை ஒருமுறை சுற்ற நாலு வருஷமும் சில மாதங்களும். போன வருஷக் கடைசியில் நிரந்தர எண் கிடைத்தது.

எண் கிடைத்தால் பெயர் சொல்லும் உரிமை வரும். அது கண்டுபிடித்தவருக்கு. தொலைநோக்கியும் அறிக்கையும் கிரேக் பெயரில் இருந்ததால் ஏட்டில் கண்டுபிடித்தவர் கிரேக். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது மரியாதை இல்லை. அரசியல்வாதி, கம்பெனி எதுவும் கூடாது. அவர் முன்மொழிவார், உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் வானியலாளர் குழு ஒன்று பார்த்து ஒப்புக்கொள்ளும். "அதை என்கிட்ட விடு விம்ஸ்" என்று கிரேக் கண்ணைச் சிமிட்டியபோதே அவளுக்குத் தெரியும். விமலா என்று வைக்கப்போகிறார். அவளும் அதைத்தான் விரும்பினாள். இதில் அடக்கம், கூச்சம் ஒன்றும் இல்லை. தன் உழைப்புக்குத் தன் பெயர் வேண்டும். வேறு யார் பெயரும் வேண்டாம்.

வந்ததோ இது.

கறிபாப்பை ஒருவழியாக விழுங்கினாள். எழுந்தாள்.

"கிரேக், அதை எடுங்க."

"எதை?"

"அந்தப் பேரை."

கைதட்டல் அறுந்து விழுந்தது. கிரேக் திரையைத் திரும்பிப் பார்த்தார். "எழுத்துப் பிழையா? மூணு தடவை பார்த்தேனே, விம்ஸ்."

"எழுத்தெல்லாம் சரி. ஆள்தான் தப்பு."

"உன் பேர்தானே?"

"என் பேர் விமலா. அது என் அப்பா பேர்."

"அதான். உன் குடும்பப் பேர்."

"எங்களுக்குக் குடும்பப் பேரே கிடையாது, கிரேக்!"

அவள் குரல் மண்டபத்தின் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. முன்வரிசையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள், "அப்பாவுக்கு எவ்வளவு அழகான மரியாதை" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தவர், அப்படியே நிறுத்தினார்.

விஷயம் இதுதான். மலேசியாவில் அவளுடைய பாஸ்போர்ட்டில் விமலா, ஏ கோடு பி, குணசீலன் என்று இருந்தது. நடுவில் இருக்கும் அந்த ஏ பி-க்கு மலாய்மொழியில் மகள் என்று அர்த்தம். விமலா, குணசீலனின் மகள். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் பதியும்போது கணினி அந்தக் கோட்டை ஏற்கவில்லை. குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கம் போகவும் விடவில்லை. வரிசையில் பின்னால் ஆட்கள் நின்றார்கள். அவளே தன் கையால் குணசீலன் என்று தட்டினாள். அங்கே அவள் குணசீலனின் மகளாக இருந்தாள். இங்கே வந்ததும் மகள் உதிர்ந்து, அவளே குணசீலன் ஆகிப்போனாள். வங்கியில் மிஸ் குணசீலன். மருத்துவமனையில் மிஸ் குணசீலன். கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் அந்த ஆள் பின்னால் வந்து நிற்கிற மாதிரி அவளுக்கு முதுகு கூசும்.

"சரி, மாத்துங்க. திருத்தம்னு எழுதி அனுப்புங்க" என்றாள்.

கிரேக் மேடையிலிருந்து இறங்கி வந்தார். முகம் வெளிறியிருந்தது. "குழுவோட இந்த மாதச் சுற்றறிக்கையில வந்துடுச்சு, விம்ஸ். வந்தா வந்ததுதான். எழுத்துப் பிழைன்னா திருத்துவாங்க. ஆளை மாத்த மாட்டாங்க."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன்." அவர் குரல் தணிந்தது. "உன்கிட்ட கேட்டா ரகசியம் போயிடும். அதனால உன் அம்மாகிட்ட போன்ல கேட்டேன்."

விமலா முன்வரிசையைப் பார்த்தாள். அவளுடைய அம்மா அஞ்சலை, பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மடியில் கறிபாப் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். மகளைப் பார்க்க வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆங்கிலம் தெரியாது. ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்தது. அவள் டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

அம்மாவின் பக்கத்தில் நிவேதிகா. நோபல் பார்க்கில் விமலாவோடு ஒரே வீட்டில் குடியிருக்கிற சிநேகிதி, யாழ்ப்பாணத்துக்காரி. அவள் எழுந்து வந்து விமலாவின் முழங்கையைப் பிடித்தாள்.

"இதில நிண்டு கத்தாத. குசினிக்குள்ள வா."

மண்டபத்தின் பின்பக்கம் சின்னச் சமையலறை. தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும் பெரிய பாத்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அஞ்சலையும் டப்பாவோடு பின்னால் வந்ததும் விமலா கதவைச் சாத்தினாள்.

"நீதான் போன்ல மொழிபெயர்த்தியா?"

"ஓம்" என்றாள் நிவேதிகா. "கிரேக் எனக்குப் போன் எடுத்தவர். விமலாவா குணசீலனா, எந்தப் பேர் வைக்கிறதெண்டு கேட்டவர். ஆராய்ச்சிக்காரருக்கு வழக்கமா ரெண்டாவது பேரைத்தான் வைக்கிறவையாம். நான் மலேசியாவுக்கு எடுத்து அன்ரிட்ட அப்பிடியே கேட்டனான். சப்ரைஸ் எண்டபடியா உனக்குச் சொல்லேல்ல."

"உனக்குமா புத்தி இல்ல? உன் பேருக்குப் பின்னாலயும் உங்கப்பா சிவபாலன்தானே நிக்கிறாரு?"

"நிண்டா எனக்குச் சந்தோசம். எல்லாற்ற அப்பாவும் உன்ர அப்பா மாதிரியே?" நிவேதிகாவுக்கும் கோபம் ஏறியது. "நான் ரெண்டு தரம் கேட்டனான், விமலா. அன்ரி, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ எண்டனான். அவ குணசீலன்தான் எண்டவ."

விமலா அம்மாவிடம் திரும்பினாள். "ஏம்மா?"

அஞ்சலை டப்பாவை மேசைமேல் வைத்தாள். "நீதானடி சொன்ன? அது ஒரு கல்லு, ஒருத்தருக்கும் பிரயோசனம் இல்ல, வூடு வாச இல்லாம சுத்திக்கிட்டே கெடக்கும்னு. கேட்டதும் எனக்கு அவன் ஞாபகம்தான் வந்துச்சு. பொருத்தமா இருக்கட்டுமேன்னு சொன்னேன்."

நிவேதிகா சிரித்துவிட்டாள். விமலாவுக்கே உதடு ஒரு கணம் கோணியது. குணசீலன் லாரி ஓட்டியவர். வீடு தங்காதவர். தங்கினாலும் வீட்டுக்கு ஆகாதவர். மலேசியாவில் தைப்பிங் ஊர்ப் பக்கம் அவர்கள் குடியிருந்த தோட்டத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் அவரைப் பற்றி ஒரு கதை இருந்தது. அம்மா இப்படி ஒரு பழி தீர்த்துக்கொண்டாள் என்றால், சரி, அதைக்கூட ஒருமாதிரி பொறுத்துக்கொள்ளலாம்.

நிவேதிகா சிரித்த தைரியத்தில் அஞ்சலை இன்னும் ஒரு வார்த்தை விட்டாள். "இதைச் சொன்னப்ப அவரே சிரிச்சாருலா."



"யாரு சிரிச்சா?" என்றாள் விமலா.

அஞ்சலை டப்பாவை இழுத்து மூடியை அழுத்தினாள்.

"அம்மா. யாரு சிரிச்சா?"

"ஏன்டி இப்படிக் கண்ண உருட்டுற? போன தீபாவளிக்குப் போன் பண்ணாரு. எப்பனா பேசுவாரு. பேசினா ஒடம்பு தேஞ்சா பூடும்?"

விமலா பக்கத்தில் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். இந்த அம்மாதான், பள்ளியில் பெயர் வெட்டப்பட்ட அன்றைக்கு, அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு தோட்டத்தை விட்டு வெளியேறியவள். பக்கத்து ஊரான கமுந்திங்கில் கையுறைத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்து கால் வீங்கியவள். தலைமையாசிரியையின் காலில் விழாத குறையாக நின்று மகளின் பெயரைத் திரும்ப எழுத வைத்தவள். அவரோடு பேசக்கூடாது என்று இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு என்றுதான் விமலா இத்தனை காலமும் நினைத்திருந்தாள். நேற்று இரவுகூட அவள் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள்.

"எனக்குத் தெரியாம..."

"சொன்னா நீ குதிப்ப. இதோ குதிக்கிறல்ல." அஞ்சலையின் குரலும் உயர்ந்தது. "உனக்கென்னா, நீ பிளேன் ஏறி வந்துட்ட. நான் அங்கதான கெடக்கிறேன்? மாரியம்மன் கோயிலுக்குப் போனா, குணசீலன் பொண்டாட்டி வர்றா பாரு, புருசன வுட்டுட்டுப் போனவன்னு பின்னால இளிப்பாளுங்க. இனிமே அதே வாயால குணசீலன்னு சொல்லட்டும். வெமலான்னு வச்சா அங்க யாருக்குடி தெரியும்? தோட்டத்துல எத்தன வெமலா!"

"அப்ப கண்டுபிடிச்சது யாரு?"

"நீதான். இல்லன்னா சொன்னேன்?"

"பேர்ல இல்லன்னுதான் எழுதி வச்சிருக்காங்க. உலகம் பூரா. நீ சொல்லி."

அஞ்சலை பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவளுடைய கைப்பையில் போன் அலறியது. எடுத்துப் பார்த்தவள் அதை மறுபடி பையில் போடப் போனாள். அந்த அவசரத்திலேயே யார் என்று தெரிந்துவிட்டது.

விமலா கையை நீட்டினாள். "குடு."

"வேணாம்டி."

"குடும்மா."

வாங்கிக் காதில் வைத்தாள்.

"அஞ்சல, போட்டுட்டாங்களா பேர? போட்டோ எடுத்தியா?" கரகரத்த குரல். பின்னால் டீக்கடைச் சத்தம். பத்து வருஷம் அந்தக் குரலை ஒன்றும் செய்யவில்லை.

"விமலா பேசறேன்."

ஒரு வினாடிதான் இடைவெளி. "அட, வெமலாவா! நல்லாருக்கியா கண்ணு? கோயில்ல மைக்குல சொல்லச் சொல்லியிருக்கேன். தலைவரு மாலையே போடறேன்னுட்டாரு. நம்ம பேரு வானத்துல நிக்குதுன்னா சும்மாவா?"

நேற்று மாலை பேசி வைத்துவிட்டு இன்று காலை பேசுகிற அப்பாவின் குரல். அதைத்தான் அவளால் நம்ப முடியவில்லை. கோபமோ குற்ற உணர்வோ இருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தாள்.

"அந்தப் பேருக்குக் கீழ என்ன எழுதியிருக்காங்கன்னு தெரியுமா? சொல்றேன். விமலா குணசீலன், மலேசியாவில் பிறந்தவர், புள்ளியியலாளர். இந்தச் சிறுகோளைப் படங்களில் முதலில் கண்டவர். பழைய படங்களைக் கொண்டு அதன் பாதையை உறுதிசெய்தவர். அவ்வளவுதான். இதுல எங்கயும் நீங்க இல்ல."

"அதான் பேருல இருக்கேனே!" குணசீலன் கடகடவென்று சிரித்தார். "தலையில நானு, ஒடம்புல நீயி. அப்பனும் மவளும்னா அப்படித்தான்."

நிவேதிகா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவளுக்கும் கேட்டது.

"சரி" என்றாள் விமலா. குரலை நிதானத்துக்குக் கொண்டுவரப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. "மைக்குல சொல்லும்போது இன்னொண்ணையும் சேத்துச் சொல்லுங்க. ஸ்கூலுக்கு வந்து என் பேரை வெட்டச் சொன்னீங்கள்ல, அதை."

டீக்கடையில் யாரோ கோப்பை கழுவினார்கள்.

"எந்த ஸ்கூலு?"

"என் ஸ்கூல். யூனிவர்சிட்டிக்குப் போறதுக்கு முன்னால, ஃபார்ம் சிக்ஸ் படிக்கும்போது."

"நானா? நான் எப்பம்மா ஸ்கூலுக்கு வந்தேன்?"

அவர் பொய் சொல்லும்போது குரல் மேலே ஏறும். சின்ன வயதில் அந்த ஏற்றத்தைக் கேட்டே அவளும் அம்மாவும் கதவைத் தாழ்போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். இப்போது குரல் ஏறவில்லை. சும்மா, தட்டையாக, வழி கேட்டவனுக்குத் தெரியாது என்று சொல்கிற மாதிரி இருந்தது. அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை.

இந்தப் பத்து வருஷமும் அவள் எழுதிய ஒவ்வொரு பரீட்சையும் அந்த ஆளைப் பார்த்து எழுதியது. பட்டம் வாங்கும்போது அவர் முகத்தை நினைத்துக்கொண்டுதான் மேடையேறினாள். எதிராளி என்று ஒருவர் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருக்கிறார் என்றே நம்பியிருந்தாள். அங்கே யாருமே நின்றிருக்கவில்லை. லாரி டயரில் ஒட்டிய சேறு மாதிரி அவர் அந்த நாளைப் போகிற வழியிலேயே உதிர்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

"அஞ்சலகிட்ட குடு, அவளக் கேப்போம்" என்றார் குணசீலன். "எதையாவது நெனச்சிக்கிட்டுப் பேசாத கண்ணு."

விமலா அம்மாவைப் பார்த்தாள். அஞ்சலை துடைத்த தட்டையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். "பழசு எதுக்குடி இப்ப" என்று தட்டைப் பார்த்துச் சொன்னாள்.

கதவு திறந்தது. கிரேக் எட்டிப் பார்த்தார். "விம்ஸ், நான் அந்தக் குழுவுக்கு எழுதிப் பார்க்கட்டுமா? நடக்காது, ஆனா..."

"வேண்டாம். இருக்கட்டும்" என்றாள் அவரிடம் ஆங்கிலத்தில். "கதவைச் சாத்துங்க, ப்ளீஸ்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல், கறிபாப் டப்பாவின் பக்கத்தில் வைத்தாள். அஞ்சலை வெளியே போகத் திரும்பினாள்.

"நீயும் உக்காரும்மா."

அஞ்சலை உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு மறந்துபோச்சு" என்றாள் விமலா, போனைப் பார்த்து. "பரவாயில்ல. நான் சொல்றேன். நடுவுல போனை வச்சிடாதீங்க. பேர் உங்களோடதுன்னா இதையும் தெரிஞ்சிக்கிட்டுத்தான் வச்சிக்கணும். அது ஒரு திங்கக்கிழமை. காலையில அசெம்ப்ளி முடிஞ்சு கெமிஸ்ட்ரி நடந்துக்கிட்டிருந்துச்சு. நீங்க வெள்ளைச் சட்டை போட்டிருந்தீங்க, கல்யாணத்துக்குப் போடற சட்டை. வாசல்ல செருப்பைக் கழட்டினீங்க. நான்கூட, அப்பா எவ்வளவு மரியாதையா வந்திருக்காருன்னு பக்கத்துல இருந்தவகிட்ட சொன்னேன்."

அந்தப் பக்கம் டீக்கடைச் சத்தம் மெல்லக் குறைந்தது. அவர் எழுந்து ஓரமாக நடக்கிறார் போலிருந்தது.

"சொல்லு" என்றார் குணசீலன்.

விமலா சொன்னாள்.